மூச்சு சொல்லும் சாட்சி

திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மலைமேல் பிறக்கும் அய்யாறு பாறைகளில் வழிந்தோடி இங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. விடுமுறை நாட்களில் குளிப்பதற்கும் கூடிச் சமைத்து உண்பதற்கும் மக்கள் வரும் இடம். நீங்களும் பள்ளிச் சுற்றுலாவில் சென்றிருக்கக்கூடும். ஆற்றில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலை, இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1937-இல் அது சேலம் மாவட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், இந்தச் சரிவின்மீது கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று விழுந்தது.

சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த இராஜாஜி, மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்திய நாள் அது. திருச்செங்கோட்டுக்கு அருகே 1925 முதல் காந்தி ஆசிரமம் நடத்தி, ஊர் ஊராகக் குடிக்கு எதிராகப் பேசி வந்தவர் அவர். சட்டம் வந்ததும் விந்தையான நிலைமை உண்டாயிற்று. மலைமேல் கள் குடித்தவன் குற்றவாளி. மலையிறங்கி, திருச்சி மாவட்டத்தில் காலை வைத்துக் குடித்தவன் குற்றவாளி அல்லன். குடித்தவனின் உடலுக்கு இந்த எல்லைக்கோடு தெரியுமா என்ன?

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1939-இல், இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் 117-ஆம் பிரிவு, கோட்டின் இரு புறமும் செல்லுபடியாகும் வேறொரு கேள்வியைக் கேட்டது. நீ குடித்தாயா என்பதன்று அக்கேள்வி. வண்டியைச் சரிவர அடக்கி ஓட்ட முடியாத அளவுக்குக் குடித்திருக்கிறாயா என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் சாலையோரத்தில் நிற்கும் காவலர் அதற்கு எப்படி விடை காண்பார்?

மூக்கே கருவி

அக்காலத்தில் காவலரிடம் இருந்த கருவி அவருடைய மூக்கு ஒன்றே. வாடை வருகிறதா, கண் சிவந்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, தரையில் கோடு கிழித்தால் அதன்மேல் நடக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். உலகெங்கும் இதுவே வழக்கம். இங்கிலாந்தின் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குதிரை, மாடு, வண்டி, நீராவி எந்திரம் ஆகியவற்றைப் போதையில் நடத்திச் செல்பவருக்குத் தண்டனை விதித்தது. மோட்டார் வண்டி அப்போது பிறக்கவேயில்லை. 1897 செப்டம்பர் 10-ஆம் நாள், லண்டனில் மின்சார வாடகை வண்டி ஓட்டிய ஜார்ஜ் ஸ்மித் என்பவர், பாண்டு தெருவில் நடைபாதைமேல் ஏறி ஒரு கட்டடத்தில் மோதினார். இரண்டு மூன்று குவளை பீர் குடித்ததாக அவரே ஒப்புக்கொண்டதால் வழக்கு எளிதாயிற்று. 20 ஷில்லிங் அபராதம். குடித்து மோட்டார் வண்டி ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றவர்களில் முதல்வராக வரலாற்றில் இவர் இடம் பெற்றுவிட்டார்.

அவர் ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால்? இங்கேதான் சிக்கல். சளி பிடித்தவருக்கும் கண் சிவக்கும். சர்க்கரை நோயாளிக்கும் தலை சுற்றும். விபத்தில் அடிபட்டவருக்கும் பேச்சு குழறும். நம் உச்ச நீதிமன்றம் 1971-இல் பச்சுபாய் கரியானி வழக்கில் இதைத்தான் சுட்டிக்காட்டியது. வண்டி ஓட்டியவரிடம் மது வாடை வீசியது, நடை தள்ளாடியது, பேச்சு தெளிவில்லை, கண்மணி விரிந்திருந்தது என மருத்துவர் கூறியிருந்தார். சிறுநீர்ச் சோதனை செய்யவில்லை. இரத்தச் சோதனை அறிக்கையும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. வெறும் அறிகுறிகளை வைத்து அவர் போதையில் இருந்தார் என்று முடிவு கட்ட இயலாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் செய்தவர் தப்புவதும் செய்யாதவர் சிக்குவதும் ஒரே குறையின் இரண்டு பக்கங்கள். அளவுகோல் இல்லை என்பதே அக்குறை.

நிறம் மாறும் நீர்மம்

அளவுகோலைத் தேடும் பணி அறிவியல் உலகில் முன்பே தொடங்கிவிட்டது. சுவீடன் நாட்டு விட்மார்க், விரல் நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்திலிருந்தே ஆல்ககாலின் அளவைக் கண்டறியும் முறையை 1922-இல் வகுத்தார். அதன் பயனாக, இரத்தத்தில் இன்ன அளவுக்கு மேல் இருந்தாலே குற்றம் என்ற சட்டத்தை நார்வே 1936-இல் இயற்றியது. தள்ளாடினாயா, இல்லையா என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

ஆனால் சாலையில் நிறுத்தும் ஒவ்வொருவரிடமும் ஊசி குத்தி இரத்தம் எடுக்க முடியுமா? இங்கே கை கொடுத்தது, ஆங்கிலேய வேதியியலார் வில்லியம் ஹென்றி 1803-இல் கண்ட விதி. குறிப்பிட்ட வெப்பநிலையில், நீர்மத்தில் கரைந்திருக்கும் ஆவிப்பொருளுக்கும் அதன்மேல் உள்ள காற்றில் இருக்கும் ஆவிக்கும் நிலையான விகிதம் உண்டு. நுரையீரலில் இரத்தமும் காற்றும் மெல்லிய சவ்வு ஒன்றின் இருபுறமும் உராய்ந்து செல்கின்றன. எனவே இரத்தத்தில் உள்ள ஆல்ககால் மூச்சிலும் வெளிவந்தாக வேண்டும். 2,100 மில்லிலிட்டர் ஆழ்மூச்சில் உள்ள ஆல்ககால், 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்று கொள்கிறார்கள். ஆளுக்கு ஆள் இது சற்றே மாறும் என்பதையும் மறக்கக்கூடாது.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோல்லா ஹார்கர் என்ற பேராசிரியர் 1930-களில் இதற்கென ஒரு கருவி செய்தார். பலூனில் ஊதச் செய்து, அக்காற்றைக் கந்தக அமிலம் சேர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் செலுத்துவார்கள். ஊதா நிறம் வெளுத்தால் ஆல்ககால் இருக்கிறது என்று பொருள். 1954-இல் அதே மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் இதைக் கையடக்கமாக்கினார். இவர் முன்பு புகைப்படத் தொழிலில் இருந்தவர். ஒளியைக் கொண்டு நிறத்தை அளப்பது அவருக்குப் பழகிய வேலை. அவருடைய கருவியில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் இருந்தது. ஆல்ககால் பட்டதும் அது அசெட்டிக் அமிலமாக மாற, டைகுரோமேட்டின் மஞ்சள் மங்கிக் குரோமியத்தின் பச்சை தலைகாட்டும். எவ்வளவு மங்கிற்று என்பதை ஒளிமின்கலம் எண்ணாகச் சொல்லும். பிரிட்டனில் 1967 அக்டோபரில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்ற எல்லை நடைமுறைக்கு வந்தபோது, காவலர்கள் கையில் டைகுரோமேட் படிகங்கள் அடைத்த கண்ணாடிக் குழாய்களே இருந்தன. இன்று நம் ஊர்க் காவலரிடம் நீங்கள் காணும் கருவிகளில் பலவற்றில் நிறமாற்றம் இல்லை. பிளாட்டினத் தகட்டில் ஆல்ககால் ஆக்சிஜனேற்றம் பெறும்போது எழும் சிறு மின்னோட்டத்தை அவை அளக்கின்றன.

முப்பது மில்லிகிராம்

இந்தியச் சட்டம் இந்த எண்ணுக்கு வந்து சேர்ந்த வழி வேடிக்கையானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, இரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவில் ஆல்ககால் இருந்தாலும் குற்றம் என்றுதான் முதலில் கூறியது. கேட்பதற்குக் கண்டிப்பானது, ஆனால் எந்தக் கருவிக்கும் பிழை எல்லை உண்டல்லவா? சுழியம் என்பதை அளந்து காட்டுவது கடினம். 1994-இல் செய்த திருத்தம், மூச்சுச் சோதனையில் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் என்று எல்லை வகுத்தது. தளர்வு போலத் தோன்றும் இதுவே உண்மையில் சட்டத்துக்குப் பல் முளைத்த இடம் என்பது என் கருத்து.

முப்பது மில்லிகிராம் என்றால் எவ்வளவு? விட்மார்க்கின் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஆண். ஆல்ககால் உடலின் நீர்ப்பகுதியில் பரவுவதால் எடையை 0.68-ஆல் பெருக்க வேண்டும். 41 கிலோ வரும். கிலோவுக்கு 0.3 கிராம் வீதம் ஏறத்தாழ 12 கிராம் ஆல்ககால். 42.8 விழுக்காடு உள்ள பிராந்தி 60 மில்லிலிட்டரில் 20 கிராம் இருக்கிறது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவியும் ஏமாறும். 2025-இல் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில், பணிக்கு வந்த ஓட்டுநர்கள் குடிக்காமலேயே மூச்சுச் சோதனையில் சிக்கினர். நன்கு பழுத்த பலாச்சுளை தின்றதே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. பழத்தின் சர்க்கரை நொதித்துச் சிறிது ஆல்ககால் உண்டாகி, வாயில் தங்கி, நுரையீரல் காற்றோடு கலந்துவிட்டது. கொல்லிமலைப் பலாவுக்கும் அந்தக் குணம் இல்லாமற் போகாது! கால் மணி நேரம் பொறுத்து, வாய் கொப்பளித்து மீண்டும் ஊதினால் வாயிலிருந்த ஆல்ககால் மறைந்துவிடும். இரத்தத்தில் இருப்பது மறையாது. எனவேதான் சட்டம் மூச்சோடு நிற்கவில்லை. ஊதச் சொல்லும் காவலர் சீருடையில் இருக்க வேண்டும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் விடுவிக்க வேண்டும். காரணமின்றி ஊத மறுத்தால், அந்த மறுப்பே எதிர்ச்சான்றாகக் கொள்ளப்படும். 2019-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

மலைச்சரிவில் விழுந்த அந்தப் பழைய கோடு 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது மறைந்தது. பின்னர் மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. ஆயினும் கோடு கிழிக்கும் ஆசை சட்டத்தை விடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற கே. பாலு வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-இல் ஆணையிட்டது. மறு ஆண்டு, மக்கள்தொகை 20,000-க்கு மிகாத ஊர்களுக்கு அது 220 மீட்டராயிற்று. நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது. நில அளவுச் சங்கிலி ஓரளவு பயன் தரலாம். ஆனால் ஓட்டுநரின் இரத்தத்தில் இருப்பதை அது அளக்காது.

கடைசியாக ஒரு கணக்கு. கல்லீரல் ஆல்ககாலை எரிக்கும் வேகம், இரத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் குறையும் அளவுதான். காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, அய்யாற்றுக் குளியல் எதுவும் இதைத் துரிதப்படுத்துவதில்லை. இரவு 10 மணிக்கு 150 மில்லிகிராம் அளவில் படுத்தவர், நன்றாகத் தூங்கித் தெளிந்து, விடியற்காலை 5 மணிக்கு வண்டியை எடுத்துக் காரவள்ளிக்குச் செல்லும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கினால், அவர் இரத்தத்தில் அப்போதும் 45 மில்லிகிராம் இருக்கும்.