விலங்கும் பொருளும்: இடைக்கால ஐரோப்பியத் தேவாலயச் சிற்பங்களிலும் ஓவியச் சுவடிகளிலும் விலங்குக் குறியீடு

முன்னுரை

இடைக்கால ஐரோப்பியத் தேவாலயம் ஒன்றின் வாயிலிலோ தூண் தலைப்பிலோ விலங்குருவம் செதுக்கப்பட்டிருப்பின், அதற்குச் சமயப் பொருள் ஒன்று இருந்தே தீரும் எனக் கொள்வது பரவலான வழக்கமாகும். அக்காலச் சுவடிகளில் தீட்டப்பட்ட விலங்குகளையும் அவ்வாறே விளக்குவர். இக்கருத்து எந்த அளவிற்குச் சான்றுகளால் நிறுவப்படக் கூடியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலங்கு நூல் மரபு

விலங்குகளுக்குச் சமயப் பொருள் கூறும் மரபின் ஊற்றாக விளங்குவது ‘பிசியோலோகஸ்’ என்னும் கிரேக்க நூலாகும். ஆசிரியர் பெயர் அறியப்படாத இந்நூல், கி.பி. 2ஆம் நூற்றாண்டிற்கும் 4ஆம் நூற்றாண்டிற்கும் இடையில் தோன்றியதாகக் கருதப்படுகின்றது. விலங்கின் இயல்பை முதலிலும், அவ்வியல்பு உணர்த்தும் சமய உண்மையை அடுத்தும் கூறுவது இதன் அமைப்பு. இலத்தீனில் பெயர்க்கப்பட்ட இந்நூலுடன், 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிதோர் தொகுத்த கலைக்களஞ்சியத்தின் விலங்கியற் செய்திகளும் இணைந்தன. அவ்விணைப்பிலிருந்து ‘பெஸ்டியரி’ எனப்படும் விலங்கு நூல்கள் வளர்ந்தன. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இவை இங்கிலாந்தில் பெரிதும் செழித்தன. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் பொன் தகடிட்ட ஓவியங்களோடு உருவான அபர்டீன் சுவடி இவ்வகையில் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகும்.

இந்நூல்களின்படி, சிங்கக் குட்டி உயிரின்றிப் பிறக்கின்றது. மூன்றாம் நாள் தந்தைச் சிங்கம் அதன்மேல் மூச்சு விட, அது உயிர் பெறுகின்றது. இது கிறித்துவின் உயிர்த்தெழுதலை உணர்த்துவதாக விளக்கப்பட்டது. தன் மார்பைக் கிழித்து வடியும் குருதியால் இறந்த குஞ்சுகளை எழுப்பும் பெலிக்கன் பறவை சிலுவைப் பலியின் குறியீடாயிற்று. இறந்ததுபோல் கிடந்து, அருகில் வரும் பறவைகளைக் கவ்வும் நரி சாத்தானைக் குறித்தது. இவற்றை விலங்கியல் அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. விலங்கை விளக்குவதன்று, விலங்கைக் கொண்டு சமய உண்மையை விளக்குவதே இந்நூல்களின் குறிக்கோள்.

ஒரே விலங்கு, இருவேறு பொருள்

எனினும், விலங்கிற்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு நிலையானதன்று. ஒரே பொருள் முரண்பட்ட இரண்டைக் குறிக்கக்கூடும் என்பதற்குப் புனித அகஸ்தீன் சிங்கத்தையே சான்று காட்டினார். விவிலியத்தின் ஓரிடத்தில் கிறித்து யூதா குலத்துச் சிங்கம் எனப்படுகின்றார். வேறோரிடத்தில் சாத்தான் கர்ச்சிக்கும் சிங்கம் எனப்படுகின்றான். எனவே சிங்கத்தின் உருவம் மட்டும் பொருளை முடிவு செய்வதில்லை. அது நிற்கும் இடமும் உடன் வரும் அடையாளங்களுமே முடிவு செய்கின்றன. இறக்கையும் நூலும் உடைய சிங்கத்தை நற்செய்தியாளர் மாற்குவாகத் தயக்கமின்றிக் கொள்கின்றோம். வாயிற்காலின் அடியில் கிடக்கும் சிங்கத்தைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

கல்லில் காணும் சான்றுகள்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள ஆல்ன் தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டு வாயில் வளைவில், விலங்குருவங்களுக்கு அருகே அவற்றின் இலத்தீன் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. நரி, சிறுத்தை, கழுகு முதலியன அங்குப் பெயரோடு நிற்கின்றன. விலங்கு நூல் மரபு சிற்பியின் உளியை எட்டியமைக்கு இஃது ஐயமற்ற சான்றாகும்.

இதற்கு மாறாக, ஏறத்தாழ 1140ஆம் ஆண்டைச் சேர்ந்த கில்பெக் தேவாலயத்தின் கூரைத் தாங்கு கற்களில், நாயும் முயலும் அருகருகே அமர்ந்து நம்மை நோக்குகின்றன. அவற்றிற்குப் பெயரும் இல்லை. விளக்கும் நூலும் இல்லை. அதே கல் வரிசையில் சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டியும் உள்ளது. ஆட்டுக்குட்டியின் பொருள் தெளிவு. நாய், முயலின் பொருள் தெளிவன்று. ஒரே கட்டடத்தில் இரண்டும் கலந்திருத்தலே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது.

பெர்னார்டின் வினா

மடங்களின் உள்முற்றங்களில் குரங்கும் சிங்கமும், ஓருடல் பல தலை கொண்ட விந்தை உருவங்களும் எதற்கு என ஏறத்தாழ 1125இல் கிளேர்வோ மடாதிபதி பெர்னார்ட் கடிந்து வினவினார். துறவியர் நூலை விடுத்துக் கல்லைப் படிக்கத் தலைப்படுவர் என்பது அவர் கவலை. விவிலியத்தில் ஆழங்கால் பட்ட அவரே பொருள் காணாத உருவங்களுக்கு நாம் பொருள் கற்பித்தல் தகுமா? 1898இல் வெளியான தம் நூலில் பிரெஞ்சு அறிஞர் எமீல் மால் இவ்வினாவை முன்னிறுத்தி, அத்தகைய உருவங்கள் பல வெறும் அணியே என வாதிட்டார். அவரே, லியோன் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்திலுள்ள விலங்குகள் ஹொனோரியஸ் என்பாரின் மறையுரையோடு பொருந்துவதையும் நிறுவினார். உரைச்சான்று உள்ளவிடத்துக் குறியீடு, இல்லாதவிடத்து அணி என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

ஆயினும் பெர்னார்டின் கூற்றை எல்லாத் தேவாலயங்களுக்கும் விரித்தல் கூடாது. அவர் பேசியது துறவு மடத்தைப் பற்றியே. பொதுமக்களின் பக்தியைத் தூண்ட ஆயர்கள் அணிகலன்களைக் கையாள்வதை அவர் வேறாகவே கருதினார்.

ஏறத்தாழ 800ஆம் ஆண்டில் எழுந்த கெல்ஸ் நற்செய்திச் சுவடியில், கிறித்துவின் பெயரெழுத்துகள் நிறைந்த பக்கத்தின் அடியில் பூனைகளும், வட்ட அப்பம் போன்ற ஒன்றைக் கவ்விய எலிகளும் காணப்படுகின்றன. அதனை நற்கருணை அப்பமாகக் கொள்வாரும் உளர். மடத்து அன்றாடக் காட்சியாகக் கொள்வாரும் உளர். 1992இல் மைக்கேல் கமீல் தம் ஆய்வில், இத்தகைய ஓரத்து உருவங்கள் நடுவிலுள்ள புனிதத்தோடு உறவாடும் விளையாட்டாகவும் எள்ளலாகவும் அமைவதைக் காட்டினார். இது, குறியீடு அல்லது வெற்று அணி என்னும் இருமையைக் கடந்த மூன்றாம் வழியாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பெயரோ உரையோ உள்ள உருவம், அடையாளத்தால் அறியப்படும் உருவம், இவ்விரண்டும் அற்ற உருவம் எனச் சான்றுகளை மூவகையாகப் பகுத்தல் வேண்டும் என்பது பெறப்படுகின்றது. முதலதற்குப் பொருள் மறுப்பது அக்காலத்தார் கற்பித்த பாடத்தை அழிப்பதாகும். இறுதியதற்குப் பொருள் திணிப்பது சிற்பியின் நகைச்சுவையையும் கைம்மகிழ்ச்சியையும் அழிப்பதாகும். மாணவர்முன் இவ்வுருவங்களை விளக்குங்கால், “இஃது எதனைக் குறிக்கின்றது?” என்பதற்கு முன், “எதனையேனும் குறிக்கின்றது என்பதற்கு நம்மிடம் என்ன சான்று உள்ளது?” என வினவுதலே முறையாகும்.