ஐந்து மதிப்பெண் குடவோலை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். "சார், பாடம் நடத்துகிற நேரத்தைவிட அட்டவணை நிரப்புகிற நேரம் அதிகமாக இருக்கு. சி.ஓ., பி.ஓ. என்று கட்டம் கட்டமாக 3, 2, 1 போடச் சொல்கிறார்கள். இது எங்கிருந்து சார் வந்தது? யாருக்காக?" என்று கேட்டாள். போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் இது நம் ஊர்ச் சுவரிலிருந்தே சொல்ல வேண்டிய கதை.

முதலில் அந்தக் கட்டம் என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பை முடித்து வெளியே போகும் பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதுகிறார்கள். அது பி.ஓ. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று எழுதுவது சி.ஓ. இந்தப் பாடம் அந்த நோக்கத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைக் கட்டத்தில் 3, 2, 1 என்று குறிக்கிறார்கள். தேர்வில் வரும் ஒவ்வொரு கேள்வியும் எந்த நோக்கத்தைச் சோதிக்கிறது என்று அதன் பக்கத்தில் குறிக்கிறார்கள். கடைசியில் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து, எந்த நோக்கம் நிறைவேறவில்லையோ அதற்கேற்ப அடுத்த ஆண்டு பாடத்தையோ நடத்தும் முறையையோ மாற்ற வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், எதற்காகப் படிக்கிறோம், எதைப் படிக்கிறோம், எதைக் கேட்கிறோம் என்ற மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்.

இனி சுவருக்கு வருவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். 30 குடும்புகள், குடத்தில் ஓலை, சின்னப் பையன் எடுப்பது என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். ஆனால் தகுதிப் பகுதியை ஒரு தேர்வாகப் பாருங்கள். வாரியத்துக்கு வருபவர் மந்திர பிராமணம் கற்றிருந்தால் மட்டும் போதாது, பிறருக்கு ஓதுவித்துப் பழகியவராக இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும் என்பது பொது விதி. அரைக்கால் வேலிதான் இருக்கிறது என்றால், ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் கற்று அதை விளக்கிச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை.

கவனித்தீர்களா? ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வேலைக்குத் தேவையானவை எடுத்துச் சொல்லும் அறிவும் கணக்கில் நேர்மையும். அதனால் அந்த இரண்டையும்தான் சோதித்தார்கள். 919-இல் போட்ட விதியை அப்படியே விட்டுவிடவும் இல்லை. முதல் விதியில் வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில் அதை 35 முதல் 70 வரை என்று மாற்றினார்கள். விதியை நடைமுறையில் பார்த்துத் திருத்தும் பழக்கம் அந்தச் சபைக்கு இருந்தது.

இப்படி நோக்கத்தைச் சொல்லிவிட்டுப் படிப்பை வைப்பது அந்தக் காலத்தில் வேறு இடங்களிலும் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் 95 மாணவருக்கு ஒரு சாலை ஏற்படுத்தினான். சேர வருபவருக்கு இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும் என்று செப்பேட்டிலேயே எழுதிவைத்தான். நம் பக்கத்தில், பழைய சீவரத்துக்கு எதிரே பாலாற்றுக் கரையில் இருக்கும் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். வீரராசேந்திரன் காலத்தில் அங்கே வேதமும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்த கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை எல்லாம் இருந்தன. எந்தப் பாடத்துக்கு எத்தனை மாணவர், யாருக்கு எவ்வளவு நெல் என்று கணக்கு எழுதியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது பெருமையில் மயங்கிவிடக் கூடாது. நம் ஊர்ச் சபை பிரமதேயச் சபை. அந்தக் குடத்துக்குள் போன ஓலைகளில் பெண் பெயர் இல்லை. உழுதவர் பெயரும் இல்லை. நோக்கமும் தேர்வும் பொருந்தியது உண்மை. ஆனால் அந்த நோக்கத்தைத் தீர்மானித்தவர்கள் ஒரு சிலர் மட்டுமே. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது 1857-க்கு வருகிறேன். அந்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அப்போது அது பாடம் நடத்தும் இடமல்ல. தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் இடம். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை, கேள்வி கேட்பது பல்கலைக்கழகத்தின் வேலை. பல்கலைக்கழகங்களே கற்பிக்கலாம் என்று சட்டம் வந்தது 1904-இல்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு நடத்துபவர் ஒருவர், கேள்வி கேட்பவர் வேறொருவர் என்று ஓடியது. கேட்பவர் என்ன கேட்பார் என்று ஊகிப்பதே படிப்பாகிவிட்டது. நமக்குத் தெரிந்த நோட்ஸ், முக்கிய வினாக்கள், பழைய வினாத்தாள் கட்டு எல்லாவற்றுக்கும் வேர் அந்தப் பிரிவினையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை. பின்னாளில் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தவர். இன்று அவரை நாம் நினைப்பது அந்த வேலைக்காக. அவர் பெற்ற பட்டத்துக்காக அல்ல.

இன்னொரு கதையும் உங்களுக்குத் தெரியும். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று பெரிய பட்டியலே சொன்னார். முதலியார் அசரவில்லை. அதற்கு முந்தைய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி ஐயரின் வாழ்க்கையையே திருப்பியது. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. நல்ல கேள்வி ஒருவர் கற்றதை அளப்பதோடு நிற்காது. அடுத்து எதைக் கற்க வேண்டும் என்றும் காட்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் குறையைப் பெரியவர்கள் உணராமல் இல்லை. 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வு முறையில்தான் என்ற கருத்தைச் சொன்னது. 1952-53-இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ.லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவும் தேர்வு முறையை மாற்றச் சொன்னது. 1956-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் புளூமும் அவருடைய நண்பர்களும் கற்றல் நோக்கங்களைப் படிப்படியாக வகைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் புளூமே இந்தியா வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்தினார். 1958-இல் டெல்லியில் மத்தியத் தேர்வுப் பிரிவு அமைந்தது. நாங்கள் பி.எட். படித்தபோது அறிவு, புரிதல், பயன்படுத்தல் என்று எழுதிய பாடக்குறிப்புகளுக்கு அதுதான் மூலம். இன்று கல்லூரி வினாத்தாளில் கே1 முதல் கே6 வரை போடுகிறார்களே, அது அந்த வகைப்பாட்டை 2001-இல் திருத்திய வடிவம்: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்கல்.

கல்லூரிகளில், நடத்துபவரே கேட்கவும் வேண்டும் என்ற எண்ணம் தன்னாட்சியாக வந்தது. 1964-66 கோத்தாரி குழு அதைப் பரிந்துரைத்தது. 1978-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. 1994-இல் நாக் அமைப்பு வந்தது. பொறியியலில் 2014-இல் இந்தியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானது. படித்து முடித்தவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று காட்ட வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. பிறகு யு.ஜி.சி. கலை, அறிவியல் படிப்புகளுக்கும் கற்றல் பயன்களை முன்வைத்த பாடத்திட்ட வரைவுகளை வெளியிட்டது. இப்படித்தான் அந்தக் கட்டம் என் மாணவியின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அப்படியானால் அட்டவணை நல்லதா, கெட்டதா? என் அனுபவத்தை ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் எங்களுக்குப் புளூபிரிண்ட் வந்தது. எல்லாப் பாடத்திலிருந்தும், எல்லாத் திறனிலிருந்தும் கேள்வி வர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த கருவி அது. நாங்கள் என்ன செய்தோம்? எந்தப் பாடத்தை விட்டாலும் தேறலாம் என்று அதை வைத்தே கணக்குப் போட்டோம். நானும் போட்டேன். உங்களில் சிலருக்குக் கரும்பலகையில் எழுதியே காட்டியிருக்கிறேன்.

குடவோலை முறை குறிப்பு வரைக, ஐந்து மதிப்பெண். எத்தனை ஆண்டுகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன்! ஒரு வருடம் அதில் முழு மதிப்பெண் வாங்கிய பையன் ஒருவன் திருவிழா சமயத்தில் மண்டபத்தில் என் பக்கத்தில் நின்றான். சுவரைக் காட்டி, "சார், இது என்ன எழுத்து?" என்று கேட்டான். ஐந்து பாயிண்ட்டும் அவனுக்கு மனப்பாடம். அதை அவன் சாய்ந்து நின்ற சுவரில்தான் எழுதியிருக்கிறது என்று தெரியாது. தப்பு அவன்மேல் இல்லை. நான் கேட்டது நினைவை மட்டும். அவன் கொடுத்ததும் அதைத்தான்.

என் மாணவிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இந்த அட்டவணை உனக்கு ஒரு உபகாரம் செய்யும் அம்மா, அதை நீ உண்மையாக நிரப்பினால். எல்லாக் கட்டத்திலும் 3 போட்டால் எதுவும் தெரியாது. வினாத்தாள் அச்சான பிறகு கேள்விக்குப் பக்கத்தில் கே4 என்று ஒட்டவைத்தாலும் தெரியாது. காலியாக நிற்கும் கட்டம்தான் பேசும். "மூல ஆதாரத்தைப் படித்துத் தானே முடிவுக்கு வருதல்" என்று பி.ஓ.வில் எழுதியிருக்கிறது. மூன்று வருடத்தில் எந்தப் பாடத்திலும் ஒரு கல்வெட்டையாவது படிக்கவைக்கவில்லை என்றால் அந்த நிரலை வெறுமையாகவே விடு. துறைக் கூட்டத்தில் அதைக் காட்டு. அடுத்த ஆண்டு ஒரு பாடம் மாறும்.

பிறகு ஒரே ஒரு கேள்வியை மாற்று. குடவோலைக்குக் குறிப்பு வரைக என்பதை விட்டுவிடு. பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வா. மண்டபத்தில் நிற்கவை. 919, 921 இரண்டு கல்வெட்டுகளின் அச்சுப் பாடத்தையும் கையில் கொடு. இரண்டு ஆண்டில் எது மாறியது, ஏன் மாறியிருக்கும், இந்த விதியால் யார் வெளியே நின்றார்கள் என்று கேள். பதில் எழுத ஒரு மணி நேரம் போதும். திருத்தும்போது எந்தப் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கிறது என்று உனக்கே தெரியும். அப்போது கட்டத்தில் நீ போடும் எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

நோக்கத்தை எழுதும்போது பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு இந்தப் பட்டத்தால் என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நம் ஊர்ச் சபை கேட்காமல் விட்ட கேள்வி அது. நாமும் விட்டுவிடக் கூடாது.

கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்னால், பாடத்திட்டத்தின் முதல் பக்கங்களைப் புரட்டச் சொல்லுங்கள். முடித்தவருக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்று அங்கே எழுதியிருக்கும். ஒவ்வொன்றாகப் படித்து, "இது உனக்கு வருமா?" என்று கேளுங்கள்.

அந்தப் பையன் இப்போது பெரியவனாகி வெளியூரில் இருக்கிறான். இதைப் படித்தால் சிரிப்பான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா தம்பி. இருவருமாகக் கோயிலுக்குப் போய் முதல் வரியிலிருந்து படிப்போம். நான் அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இப்போது கேட்கிறேன். மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர், உத்திரமேரூர்