பீப்பாய்க்கு யார் காசு கொடுப்பது?

ஸ்பெயினின் வடக்கே லொக்ரோன்யோ என்று ஓர் ஊர். 1635இல் அதன் மேயர் ஓர் உத்தரவு போட்டார்: ஒயின் நிலவறைகளை ஒட்டிய தெருக்களில் வண்டி போகக் கூடாது. சக்கரம் கல்லில் ஏறி இறங்குகிற அதிர்ச்சி கீழே போய், அடியில் கிடக்கும் ஒயினைக் கெடுத்துவிடும் என்று பயம். தூளியில் குழந்தை தூங்கும் வீட்டில்கூட இவ்வளவு கெடுபிடி இருக்காது. வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பொத்திப் பாதுகாத்த ஒயின் பெரும்பாலும் அடுத்த கோடையைத் தாண்டாது.

காரணம் செய்முறை. பறித்த திராட்சையைக் குலை குலையாகக் கல் தொட்டியில் கொட்டுவார்கள், காம்பு நீக்குவதில்லை. அடியில் கிடக்கும் பழம் மேல் பாரத்தில் நசுங்கி நொதிக்கத் தொடங்கும். மேலே இருப்பது தோல் கிழியாமலே உள்ளுக்குள் நொதிக்கும். பிறகு ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி மிதிப்பார்கள். புதிதாகக் குடித்தால் பழ வாசனையோடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஆட்டுத்தோல் பையில் நிரப்பி, கோவேறு கழுதை மேல் ஏற்றி, மலை தாண்டி வெளியூர் கொண்டுபோவதற்குள் புளிப்புத் தட்டிவிடும். பை ஒழுகாமலிருக்க உள்ளே பூசிய கீல் வேறு தன் வாடையை ஏற்றிவிடும். விற்காமல் தேங்கியதை, புது அறுவடைக்குத் தொட்டி வேண்டுமே என்று கீழே ஊற்றிய வருடங்களும் உண்டு.

இத்தனைக்கும் நிலத்தைக் குறை சொல்ல முடியாது. லொக்ரோன்யோ இருக்கும் ரியோஹா, எப்ரோ ஆற்றின் இரு கரையிலும் நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. வடக்கே கான்டாப்ரியா மலைத்தொடர் நெட்டுக்குத்தாக நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அட்லாண்டிக் மழையும் பசும்புல்லும். இந்தப் பக்கம் இறங்கினால் வெயில், வறண்ட காற்று, சுண்ணாம்பு கலந்த களிமண். தெற்கே தெமாந்தா மலை. மேற்கில் உள்ள ரியோஹா ஆல்தாவும் வடகரையில் உள்ள ரியோஹா அலவேசாவும் குளுமையானவை. கிழக்கே போகப் போக மத்தியதரைக்கடலின் சூடு எட்டிப் பார்க்கும். அந்தக் கிழக்குப் பகுதிக்கு வெகுகாலம் 'கீழ் ரியோஹா' என்று பெயர் இருந்தது. கீழ் என்று லேபிளில் போட்டால் சரக்கும் கீழ்த்தரம் என்று வாங்குகிறவன் நினைப்பான் அல்லவா? 2018இல் 'கிழக்கு ரியோஹா' என்று மாற்றிக்கொண்டார்கள்.

இந்த மண்ணின் பழம் டெம்ப்ரனியோ. பந்தல் கிடையாது, பழைய தோட்டங்களில் இடுப்புயரம்கூட வராத குட்டைச் செடியாக, முறுக்கிய அடிமரத்தோடு நிற்கும். கறுத்த, தடித்த தோலுள்ள பழம். பக்கத்திலேயே விளையும் கர்னாச்சாவுக்குச் சில வாரம் முந்திப் பழுத்துவிடும் என்பதால், குளிரும் மழையும் சேர்ந்து வரும் மேட்டு நிலங்களில் விவசாயிக்கு இது கைகொடுத்தது. இதன் பெற்றோர் யார் என்பது 2012இல்தான் மரபணுச் சோதனையில் தெளிவானது: அல்பீயோ மயோர் என்ற வெள்ளைத் திராட்சையும், பெனதிக்தோ என்ற, ஏறக்குறைய எல்லோரும் மறந்தே போன கறுப்புத் திராட்சையும். குணத்தில் அடக்கமான பழம். சொந்த வாசனையால் நாசியைத் துளைக்காது, புளிப்பும் மட்டாகத்தான் இருக்கும். அதனால்தான் மரப்பீப்பாயோடு இவ்வளவு இணக்கமாகப் போகிறது என்பது ஒயின்காரர்களின் கணிப்பு. குறைந்த புளிப்பை ஈடுகட்ட கிராசியானோ, மாசுவேலோ என்ற வேறு திராட்சைகளைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். உடல் வலு வேண்டுமென்றால் கர்னாச்சா.

நிலம் இருந்தது, பழம் இருந்தது. இல்லாதது பீப்பாய். அதை முதலில் கொண்டுவந்தவர் லாபஸ்தீதா ஊரைச் சேர்ந்த மனுவேல் கின்டானோ என்ற பாதிரியார். 1780களில் பிரான்சின் போர்தோவுக்குப் போய், அங்கே ஒயினை எப்படி வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வந்தார். ஓக் மரப்பீப்பாயில் அடைப்பது, வண்டல் தங்கியதும் தெளிவை வேறு பீப்பாய்க்கு இறுப்பது, முட்டை வெள்ளைக்கருவால் கலங்கல் எடுப்பது. ஊர் திரும்பி அதையே செய்தார். கியூபாவுக்கு அனுப்பிப் பார்த்தார். கடல் தாண்டியும் கெடவில்லை.

ஊர் பாராட்டவில்லை, எதிர்த்தது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஒயின் விலையை அதிகாரிகளே நிர்ணயிப்பார்கள். பீப்பாய் வாங்கி, இரண்டு மூன்று வருடம் காத்திருந்தவருக்கும், போன மாதம் மிதித்ததை விற்கிறவருக்கும் ஒரே விலைதான் என்று முடிவானது. பிறகு எவர் பீப்பாய் வாங்குவார்? கின்டானோவின் முயற்சி அத்தோடு படுத்துவிட்டது. ரியோஹாவின் பெருமையைப் பேசுகிறவர்கள் வழக்கமாக இவரை ஒரு வரியில் கடந்துவிட்டு, அறுபது எழுபது வருடம் கழித்து வந்த இரண்டு கோமகன்களிடம் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் கதை இந்தப் பாதிரியாரிடம்தான் தொடங்குகிறது. தொழில்நுட்பம் முழுதாக அவர் கையில் இருந்தது. அதற்கு விலை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கோமகன்களில் முதல்வர் லூசியானோ தெ முர்ரியேட்டா. பெருவில் பிறந்தவர், படை அதிகாரி. தளபதி எஸ்பார்தெரோவின் உதவியாளராக இருந்து, அவர் பதவி இழந்து லண்டனுக்குப் போனபோது கூடவே போனார். லண்டனில் போர்தோ ஒயின் ருசி பழகிவிட்டது. திரும்பி வந்து, போர்தோவில் போய்ப் படித்து, லொக்ரோன்யோவில் எஸ்பார்தெரோவுக்குச் சொந்தமான கிடங்கிலேயே 1852இல் தன் முதல் ஒயினைச் செய்தார். அதுவும் ஹவானாவுக்குக் கப்பலேறி நல்ல விலைக்குப் போனது.

இரண்டாமவர் ரிஸ்கால் கோமகன், காமிலோ உர்தாதோ தெ அமேசாகா. போர்தோவிலேயே வாழ்ந்தவர். எல்சியேகோ ஊரில் இவர் குடும்பத்துக்கு நிலம். இவர் பரிந்துரைப்படி, அந்த ஊர் அடங்கிய ஆலவா மாகாண நிர்வாகம் 1862இல் ஒரு காரியம் செய்தது. போர்தோவின் லானெசான் ஒயின் மாளிகையில் வேலை பார்த்த ழான் பினோ என்ற தேர்ந்த கைக்காரரைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்து, விவசாயிகளுக்குப் பாடம் நடத்தச் சொன்னது. காம்பு நீக்குவது, பீப்பாயில் அடைப்பது, இறுப்பது எல்லாம் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். ஒயின் நன்றாகவே வந்தது. இருந்தும் விவசாயிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பீப்பாய்க்குக் கையை விட்டுக் காசு போட வேண்டும், ஒயினை வருடக்கணக்கில் முடக்க வேண்டும். அதுவரை வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? 1868இல் பினோவின் ஒப்பந்தம் முடிந்தது. கோமகன் அவரைத் தன் தோட்டத்துக்கே அழைத்துக்கொண்டார். 1895இல் போர்தோ கண்காட்சியில் ரிஸ்கால் ஒயின் உயர்ந்த விருதை வாங்கியது. பிரான்சுக்கு வெளியே செய்த ஒயினுக்கு அங்கே அது முதல் முறை. உடனே போலிகள் கிளம்பின. காலிக் குப்பியில் கண்டதையும் நிரப்பி விற்காதபடி, தக்கையோடு சேர்த்துக் குப்பி முழுவதையும் பொன்னிறக் கம்பி வலையால் பின்னி விற்றார்கள். வலையை அறுக்காமல் தக்கையைப் பிடுங்க முடியாது. இன்று பல ரியோஹா குப்பிகளில் அந்த வலை வெறும் அலங்காரம்.

இரண்டு பணக்காரர்களால் ஒரு வட்டாரம் உருவாகிவிடாது. வட்டாரத்தை உருவாக்கியது ஒரு பூச்சி. அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு வந்த ஃபிலாக்ஸெரா 1860களில் பிரான்சின் தெற்கே தென்பட்டது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு, வேரை உறிஞ்சும், சில வருடத்தில் கொடி காய்ந்துவிடும். அது போர்தோவுக்கும் பரவியபோது அங்குள்ள வியாபாரிகளுக்கு விற்கச் சரக்கு இல்லை. மலையைத் தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். பிரான்சோடு 1882இல் ஏற்பட்ட வணிக ஒப்பந்தம் சுங்கவரியைக் குறைத்தது. பில்பாவோ துறைமுகத்துக்கு ரயில் பாதையும் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

அந்த ரயில் நின்ற ஊர்களில் ஒன்று ஆரோ. 'போதேகா' என்று அவர்கள் சொல்லும் ஒயின் கிடங்குகள் ஸ்டேஷனைச் சுற்றியே முளைத்தன, சரக்கு வேகனுக்குப் பீப்பாயை உருட்டிவிடத் தோதாக. லோபெஸ் தெ எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890. நூறு வருடத்துக்கு மேற்பட்ட இத்தனை ஒயின் நிறுவனங்கள் ஒரே ஸ்டேஷன் பேட்டையில் நெருக்கியடித்து நிற்பதை வேறெங்கும் பார்ப்பது அரிது. பணம் கொட்டியதில் 1890இலேயே ஆரோவின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. ஸ்பெயினில் மிக முந்தி மின்விளக்கு கண்ட ஊர்களில் அதுவும் ஒன்று. "விளக்கு தெரிகிறது, ஆரோ வந்துவிட்டது" என்று பயணிகள் சொன்னது வழக்குமொழியாகவே நிலைத்துவிட்டது. கின்டானோவுக்குக் கிடைக்காதது இப்போது கிடைத்தது: காத்திருப்பதற்கு முதல், காத்திருந்ததற்கு விலை.

வாழ்வு நீடிக்கவில்லை. 1892இல் ஒப்பந்தம் முடிந்தது. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித் தன் தோட்டங்களை மீட்டிருந்த பிரான்ஸ் கதவைச் சாத்தியது. 1899இல் பூச்சி ரியோஹாவுக்கே வந்து, சஹசார்ரா என்ற ஊரில் தலைகாட்டியது. மருந்து ஏற்கெனவே தெரிந்ததால் அழிவிலும் ஓர் ஆறுதல்: ஒட்டுக்கட்டித் திரும்ப நட்டார்கள். ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு பஞ்சம் வந்து, கொடியைப் பிடுங்கிக் கோதுமை விதைத்த நாட்களும் இருந்தன.

பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அவர்களின் 225 லிட்டர் பீப்பாய் நின்றுவிட்டது. ஒரு மாற்றம்: ஸ்பெயின்காரர்கள் அமெரிக்க ஓக் மரத்துக்கு மாறினார்கள். அட்லாண்டிக் வாணிபத்தில் எளிதாகக் கிடைத்த மரம். பழைய பாணி ரியோஹாவில் வரும் வெனிலா, தேங்காய் வாசனை பழத்துடையது அல்ல, அந்த மரத்துடையது. லோபெஸ் தெ எரேதியாவில் இன்றும் சொந்தத் தச்சர்கள் பீப்பாய் கட்டுகிறார்கள். லா ரியோஹா ஆல்தாவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயினைப் பீப்பாய் மாற்றும் வேலையில் மெழுகுவத்தி தேவைப்படுகிறது. பணியாள் கண்ணாடிக் கோப்பையில் பிடித்த ஒயினைச் சுடருக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருக்கும்வரை ஓடவிட்டு, இழைபோல் கலங்கல் தெரிந்த நொடி அடைத்துவிடுவார். அடியில் நிற்பது வண்டல்.

ஸ்பெயினில் முதன்முதலில், 1925இல், தோற்றப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற ஒயின் ரியோஹா. 1991இல் அதற்கும் மேலான தகுதி கிடைத்ததிலும் இதுவே முதல். இன்று 65,000 ஹெக்டேருக்கு மேல் கொடி. தர வரிசை முழுக்கக் காலக் கணக்கு: கிரியான்சா என்றால் 2 வருடம், அதில் 1 வருடமாவது பீப்பாய், ரிசர்வா 3 வருடம், கிரான் ரிசர்வா 5 வருடம், அதில் குறைந்தது 2 பீப்பாயில். எந்த ஊர்ப் பழம், எந்தச் சரிவு என்பதற்கு அந்த வரிசையில் இடமில்லை. பெரிய நிறுவனங்கள் ஊர் ஊராகப் பழம் வாங்கிக் கலந்ததால் அது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. சொந்த நிலத்தின் பெயரைச் சொல்ல நினைத்த சிறு தோட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அலவேசாவின் பெயர்பெற்ற அர்தாதி நிறுவனம், ரியோஹா முத்திரையே வேண்டாம் என்று வெளியேறியது. அதன் பிறகு, 2017இல், 35 வயதுக்கு மேற்பட்ட தனித் தோட்டங்களுக்கு ஒரு தகுதி உருவாக்கினார்கள். முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது.

வெளிநாட்டுப் பயணத்தில் எப்போதாவது ஒரு ரியோஹா குப்பி கைக்கு வந்தால், முன்னால் இருக்கும் கோமகன் பெயரைப் பார்த்து மயங்காமல் பின்பக்கம் திருப்புங்கள். சிறிய முத்திரை ஒன்று ஒட்டியிருக்கும். சிவப்பு கிரியான்சா, கருஞ்சிவப்பு ரிசர்வா, நீலம் கிரான் ரிசர்வா. இந்த மூன்றிலும் சேராததற்குப் பச்சை. அதில் மலிவான சரக்கும் உண்டு, காலக் கணக்கே வேண்டாம் என்று ஒதுங்கிய மிக உயர்ந்த சரக்கும் உண்டு. தெரிந்தவர் துணையில்லாமல் அதைத் தொட வேண்டாம். கொடுத்த காசுக்கு எது என்று என்னைக் கேட்டால், ரிசர்வா.