கரைச்சா கல்லும் கரையும்: புதுக்கோட்டையைச் சம்மதிக்க வச்ச சைக்கிள்

மீட்டிங்ல நம்ம ஐடியா எடுபட்டா இங்கிலீஷ்ல ‘கேரி த டே’ன்னு சொல்வாங்க. அது போர்க்களத்துச் சொல்: சண்டையில யார் ஜெயிச்சாங்களோ, அன்னைய நாள் அவங்களோடது. ‘வின் ஓவர்’ல இருக்கிற ‘வின்’னுக்குப் பழைய ஆங்கிலத்துல சண்டை போடுறதுன்னுதான் அர்த்தம். ‘கன்வின்ஸ்’ங்கிற வார்த்தையோட லத்தீன் வேர்லயும் வெற்றிதான் இருக்கு. ஒருத்தர் சம்மதிக்கணும்னா, ஒருத்தர் தோத்தாகணும் போல!

நம்ம பழமொழி வேற ரூட்டு. ‘கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்.’ இதுல எதிரி இல்ல, பொறுமை இருக்கு.

இதுக்கு எங்க மாவட்டத்துலயே ஒரு வரலாறு இருக்கு. 1991-ல, அறந்தாங்கியும் சேர்ந்த புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடக்குது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். நோக்கம் எழுத்தறிவு. ஆனா பல பெண்களுக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் போகவே அப்பா, அண்ணன், புருஷன்னு யாராவது கூட்டிட்டுப் போகணும். படிச்சும் வீட்டுக்குள்ளயே இருந்தா என்ன பிரயோஜனம்? அதனால சைக்கிள் ஓட்டுறதையும் இயக்கத்துல சேர்த்தாங்க. பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க பேங்க் லோனும் கிடைச்சது.

கேலி வரத்தான் செஞ்சது. ‘பொம்பளை சைக்கிள் ஓட்டலாமா?’ன்னு யார்கிட்டயும் வாதாடி ஜெயிக்க நிக்கல. ஓட்டிக் காட்டினாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்கலையா, ஜென்ட்ஸ் சைக்கிள்ல ஏறினாங்க. அதோட முன் பார்ல குழந்தைய உட்கார வைக்கலாம்னு சிலருக்கு அதுவே பிடிச்சும் போச்சு. தண்ணி எடுக்க, விளைஞ்சதை விக்க, வேலைக்குப் போக, எல்லாத்துக்கும் சைக்கிள். பஸ்ஸுக்குக் காத்திருந்து வீணான நேரம் கையில மிஞ்சிச்சு. அந்த லாபம் வீட்டுக்கே வந்தப்ப, வேற வாதம் தேவைப்படல.

1992 மகளிர் தினத்துல 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பார்ல கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டே புதுக்கோட்டைய வலம் வந்தாங்க. ஒன்றரை வருஷத்துல ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சதா பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார்.

இன்னைக்கு அறந்தாங்கியில யூனிஃபார்ம் போட்ட பொண்ணுங்க சைக்கிள்ல போனா யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. கல்லு முழுசா கரைஞ்சிருச்சுன்னு அர்த்தம். ஒரே கஷ்டம், கரைச்சவங்களையும் சேர்த்து மறந்துடறோம்.

புதுக்கோட்டைப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க இருந்தா, உங்க அம்மாகிட்டயோ பெரியம்மாகிட்டயோ ஒரு கேள்வி கேளுங்க: ‘நீங்க எந்த வருஷம் சைக்கிள் கத்துக்கிட்டீங்க?’ பதிலை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!