எதை எங்கே வைப்பது

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையிலேயே வடக்கே நடந்தால் பெண்டமியர் சாலை வரும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆலை நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. அந்த நிறுவனம் சிங்கப்பூருக்கு வர முடிவெடுத்த 50 நாளில் உற்பத்தி தொடங்கியதை லீ குவான் இயூ தன் நினைவுக்குறிப்புகளில் பெருமையாகச் சொல்கிறார். 1969 காலத்தில் அந்த வேகம் எப்படிச் சாத்தியம்? என் கணிப்பு எளிமையானது: வேண்டியிருந்தவை மேசை, நுண்ணோக்கி, பிறகு கைகள். பெரும்பாலும் இளம்பெண்களின் கைகள்.

1981இல் ஆப்பிள் இங்கே ஆலை திறந்தபோது செய்ததும் ஆப்பிள் 2 கணினிக்கான சர்க்யூட் போர்டுகளைத்தான். அக்காலத்து போர்டில் பாகங்களுக்குக் கால்கள் இருக்கும். காலைத் துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் ஈயம் பற்றவைக்க வேண்டும். பெண்களுக்கு இயல்பிலேயே நுட்பமான விரல்கள் என்று அப்போது உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இயல்பு என்று சொல்லிவிட்டால் அதைத் திறமையாக மதித்துச் சம்பளம் தர வேண்டாம், பாருங்கள்.

அதற்குள் காற்று திசைமாறியிருந்தது. 1979இல் தேசியச் சம்பள மன்றம் உயர்சம்பளக் கொள்கையைப் பரிந்துரைத்தது. மலிவான கைகளை நம்பும் ஆலைகள் இயந்திரம் வாங்கட்டும், இல்லாவிட்டால் வேறு ஊர் பார்க்கட்டும் என்பதே அதன் சாரம். பின்னர் கால் நுழைக்கத் துளையே தேவைப்படாத, அரிசியைவிடச் சிறிய பாகங்கள் பரவின. மணிக்குப் பல்லாயிரம் பாகங்களை உறிஞ்சி எடுத்து வைக்கும் இயந்திரங்களும் வந்தன. விரல்களின் வேலை ஏறக்குறைய முடிந்தது.

இன்னொரு 'வைப்பது'ம் உண்டு: எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது. ஒருகாலத்தில் ஒளிபுகும் படலத்தில் கறுப்பு டேப் ஒட்டிச் செய்தார்கள். இன்று நாங்கள் திரையில் செய்கிறோம். இதையும் தானியங்கியாக்கும் முயற்சி பழையதுதான். 1983இல் ஐபிஎம்மின் கிர்க்பேட்ரிக், ஜெலாட், வெக்கி மூவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு வழி சொன்னார்கள். காய்ச்சிய உலோகம் மெல்ல ஆறுவதுபோல, முதலில் பாகங்களைத் தாராளமாக இடம்மாற்றிப் பார்ப்பது, போகப்போக அந்தத் தாராளத்தைக் குறைப்பது. கம்பிகளின் மொத்த நீளம் குறைந்தால் வெற்றி. லட்சக்கணக்கான சிற்றறைகள் கொண்ட சில்லுக்குள் தானியங்கி முறைதான் ஜெயித்தது. அங்கே மனிதக் கை எட்டவே எட்டாது.

போர்டில் கதை வேறு. யுஎஸ்பி சொருகி எங்கே வர வேண்டும் என்பதை வெளிப்பெட்டி தீர்மானிக்கிறது. சின்னக் கபாசிட்டர் ஐசியின் மின்சாரக் காலை ஒட்டியே இருக்க வேண்டும். அரை அங்குலம் தள்ளிப்போனால் கம்பிக் கணக்குக்குப் பெரிய நஷ்டமில்லை, ஆனால் அந்தக் கபாசிட்டரால் பயனில்லை. சூடாகும் பாகத்தின் பக்கத்தில் வெப்ப உணரியை வைத்தால் அது பொய் சொல்லும். இதையெல்லாம் விதியாக எழுதிக் கொடுக்கலாமே? கொடுக்கலாம். எழுதி முடிப்பதற்குள் கையாலேயே வைத்து முடித்துவிடலாம். ஆகவே எங்கள் கை இன்னும் பிழைத்திருக்கிறது. எங்கள் கையில் இருப்பதை மட்டும் இயல்பு என்று யாரும் சொல்வதில்லை, அனுபவம் என்கிறார்கள்.

ஆனாலும் அந்தக் கை அவ்வளவு சுதந்திரமானதல்ல. ஆலையிலிருந்து வரும் விதிப்பட்டியலைப் பாருங்கள்: இயந்திரக் கண் திசையறிய மூலைகளில் செப்புப் புள்ளி வேண்டும், ஓரத்தில் தண்டவாளம் பிடிக்க வெற்றிடம் வேண்டும், உறிஞ்சுகுழல் இறங்க உயரமான பாகங்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும். ஓர் ஆலைப்பெண் விரலைச் சற்று சாய்த்து நுழைத்துச் சமாளித்திருக்கும் இடுக்குகள் அவை.