உடுக்கைக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு



1991இல் வெளிவந்த 'பிளானட் டிரம்' இசைத்தொகுப்பை அவசியம் கேளுங்கள். அமெரிக்கர் மிக்கி ஹார்ட் ஒருங்கிணைத்தது. நம் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் நைஜீரியர்களான ஒலாதுன்ஜி, சிகிரு அடெபோஜு ஆகியோரின் முழவுகளோடு சேர்ந்து ஒலிக்கும். உலக இசைத் தொகுப்புக்கான முதல் கிராமி விருது இதற்குத்தான்.

சிகிரு வாசிப்பது 'பேசும் முரசு'. இடை சிறுத்திருக்கும்; கயிறுகளை அழுத்தினால் சுருதி ஏறும். யொரூபா மொழியில் சுருதி மாறினால் பொருளே மாறும். அதனால் முரசு பேசுகிறது. நம் உடுக்கைக்கும் அதே வடிவம், அதே நுட்பம்.

கொங்கில் அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடியது உடுக்கையோடுதான். 1965இல் ஆய்வாளர் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிந்ததால் ஒரு பாடல்வடிவம் தப்பியது.

கணியூர்ப் பக்கம் உடுக்கைப் பாட்டுக்காரர் இருந்தால், பனியன் கம்பெனி லீவு நாளில் போய்க் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அவர்கள் காலத்தோடு கதை போய்விடக் கூடாது.