யார் வீட்டுக் கணக்கு? - விமானப் புகையை எண்ணின கதை

போன மாசம் ஆபீஸ் வேலையா ஃப்ராங்க்ஃபர்ட் போக டிக்கெட் பார்த்துக்கிட்டு இருந்தேன். விலைக்குக் கீழே சின்ன எழுத்துல இன்னொரு நம்பர். இந்தப் பயணத்துல உங்க பங்கு இத்தனை நூறு கிலோ கரியமில வாயு அப்படின்னு. எங்க மேனேஜர் விலையை மட்டும்தான் பார்ப்பார், அது வேற விஷயம் :-)

நமக்கு வாய்ச்ச தொழில் அப்படி. ரிப்போர்ட்ல ஒரு நம்பரைப் பார்த்தா, இது எந்த டேபிள்லேர்ந்து வந்தது, யார் உள்ளே போட்டாங்க, யார் சரிபார்த்தாங்கன்னு கேட்காம தூக்கம் வராது. அந்த டிக்கெட் நம்பர் ஒரு மதிப்பீடுதான். ஆனா அதைத் தோண்டப் போய் வேற ஒரு பெரிய கதை கிடைச்சுது. வெளிநாட்டு விமானங்களோட புகையை எண்ணுறது தொழில்நுட்பப் பிரச்சினையாவே இருந்ததில்லை. எண்ணினதை யார் பேர்ல எழுதறதுங்கிற சண்டைலதான் இருபது வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு.

முதல்ல எண்ணுற விஷயம். 1983 ஜூலை 23. ஏர் கனடாவோட போயிங் 767 ஒண்ணு மான்ட்ரியல்லேர்ந்து ஒட்டாவா வழியா எட்மன்டனுக்குக் கிளம்புது. எரிபொருள் அளவு காட்டுற கருவி வேலை செய்யல. குச்சி வச்சு டேங்கை அளந்து, லிட்டரை எடையா மாத்தி, மிச்சத்தை நிரப்பினாங்க. தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8 ஆல பெருக்கணும். அவங்க பெருக்கினது 1.77 ஆல. அது பவுண்டுக்கான எண்! கனடா அப்போதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கிட்டு இருந்தது. விளைவு, தேவையில பாதிகூட இல்லாம கிளம்பின விமானம் 41,000 அடி உயரத்துல இருக்கும்போது எரிபொருள் காலி. ரெண்டு இஞ்சினும் நின்னு, பட்டம் மாதிரி மிதந்து வந்து, கிம்லிங்கிற ஊர்ல ஒரு பழைய விமானப்படைத் தளத்துல இறங்கிச்சு. உள்ளே இருந்த 69 பேர்ல யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. யூனிட் கன்வர்ஷன்ல தப்பு விட்டு திட்டு வாங்கின ஒவ்வொரு இஞ்சினியரும் ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கணும்.

இதை ஏன் சொல்றேன்னா, விமானத் தொழில்ல எரிபொருள் அளவுங்கிறது உயிர் விஷயம், பண விஷயமும்கூட. ஒவ்வொரு பயணத்துக்கும் எவ்வளவு நிரப்பினாங்க, கிளம்பும்போது எவ்வளவு, நிக்கும்போது எவ்வளவு மிச்சம்னு எழுதி வைக்கிறது ரொம்ப காலப் பழக்கம். அதுலேர்ந்து புகைக்குப் போறது ஒரே ஒரு பெருக்கல். மண்ணெண்ணெய் வகைதான் ஜெட் எரிபொருள். அதோட எடையில சுமார் 86 சதவீதம் கரி. 12 பங்கு கரி எரிஞ்சா 44 பங்கு கரியமில வாயு. பெருக்கிப் பாருங்க, ஒரு கிலோ எரிபொருளுக்கு 3.15 கிலோ வரும். உலக விமான அமைப்பான ஐகாவோ வச்சிருக்கிற எண் 3.16. அவ்வளவுதான் சூத்திரம். பத்தாம் வகுப்புப் பையன் போட்டுடுவான்.

அப்புறம் ஏன் இத்தனை வருஷம்?

உங்க அப்பார்ட்மெண்ட்ல பொது மோட்டாருக்கு வர்ற கரண்ட் பில்லை நினைச்சுக்கோங்க. மீட்டர் ஓடும், யூனிட் தெரியும். ஆனா யார் எவ்வளவு கட்டறது? தலைக்கா, வீட்டுக்கா, சதுர அடிக்கா? மேல்மாடிக்காரர் ஒண்ணு சொல்வார், பூட்டின வீட்டுக்காரர் ஒண்ணு சொல்வார். இது உலக அளவுல நடந்தா எப்படி இருக்கும்?

1944 டிசம்பர்ல சிகாகோவுல 52 நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் இன்னிக்கும் விமானப் போக்குவரத்தோட அஸ்திவாரம். அதோட 24வது பிரிவு, ஒரு நாட்டுக்குள்ள வர்ற விமானம் தன் டேங்கிலயே வச்சிருக்கிற எரிபொருளுக்கு சுங்கவரி போடக்கூடாதுங்குது. போர் முடியப்போற நேரம், வானத்தைத் திறந்து விடணும், நியாயமான விதிதான். அதுக்கு மேல நாடுகள் தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட ஒப்பந்தங்களும் சேர்ந்து, வெளிநாட்டு விமான எரிபொருளுக்கு வரி இல்லைங்கிறது உலகப் பழக்கமாயிடுச்சு. சிகாகோ ஒப்பந்தத்துல பிறந்ததுதான் ஐகாவோ. தலைமையகம் அதே மான்ட்ரியல்.

அடுத்து 1990கள். காலநிலை ஒப்பந்தம் வந்து, ஒவ்வொரு நாடும் தன் புகைக் கணக்கை ஐநாவுக்குக் கொடுக்கணும்னு ஆச்சு. சென்னை - மதுரை விமானம்னா பிரச்சினை இல்லை, இந்தியாக் கணக்கு. சென்னை - ஃப்ராங்க்ஃபர்ட்? 1996ல ஐநா காலநிலை ஒப்பந்தத்தோட அறிவியல் ஆலோசனைக் குழு முன்னாடி எட்டு வழிகள் வச்சாங்க. யாருக்கும் பிரிக்காம விடறது. நாடுகளோட மொத்தப் புகை விகிதத்துல பங்கு போடறது. எரிபொருள் வித்த நாட்டுக்கு எழுதறது. விமானக் கம்பெனியோட நாட்டுக்கு எழுதறது. கிளம்புற நாட்டுக்கோ இறங்குற நாட்டுக்கோ எழுதறது. பயணியும் சரக்கும் கிளம்பிச் சேர்ற இடத்துக்கு எழுதறது. பயணி எந்த நாட்டுக்காரரோ, சரக்கு யாரோடதோ அவங்க நாட்டுக்கு எழுதறது. கடைசியா, எந்த நாட்டு வான்எல்லைக்குள்ள புகை வந்துச்சோ அந்த நாட்டுக்கு எழுதறது.

ஒவ்வொண்ணுலயும் யாராவது ஒருத்தருக்கு அடி. வான்எல்லைன்னு எடுத்தா கடல் மேல வர்ற புகைக்கு அப்பனே கிடையாது. எரிபொருள் வித்த நாடுன்னா, பெரிய மாறுதல் நிலையம் வச்சிருக்கிற குட்டி நாடு மாட்டிக்கும். முடிவு? முடிவு இல்லைங்கிறதுதான் முடிவு. எந்த நாட்டுல எரிபொருள் நிரப்பினாங்களோ அந்த நாடு அறிக்கையில தனியா ஒரு குறிப்பா எழுதும். ஆனா நாட்டோட மொத்தத்துல கூட்டாது. 1997 கியோட்டோ உடன்படிக்கையோட 2.2வது பிரிவு, வளர்ந்த நாடுகள் ஐகாவோ மூலமா விமானப் புகையைக் கட்டுப்படுத்தணும்னு சொல்லி அந்த ஃபைலை மான்ட்ரியலுக்குத் தள்ளி விட்டுச்சு. நம்ம ஆபீஸ்லயும் நடக்கும்ல, டிக்கெட்டை வேற டீமுக்கு அசைன் பண்றது :-)

மான்ட்ரியல்ல அது தூங்கிச்சு. 1999ல ஐபிசிசி விமானங்களும் வளிமண்டலமும் பத்தி தனி அறிக்கையே கொடுத்துச்சு. அப்பவும் உலகளாவிய கட்டாயம் எதுவும் வரல.

பொறுமை இழந்தது ஐரோப்பிய யூனியன். 2008ல ஒரு சட்டம். 2012 ஜனவரி 1லேர்ந்து ஐரோப்பாவுல ஏறுற, இறங்குற எல்லா விமானமும், எந்த நாட்டுக் கம்பெனியா இருந்தாலும், புகையை எண்ணி, சரிபார்த்து, அறிக்கை கொடுத்து, அதுக்கு ஈடா அனுமதிச் சீட்டு ஒப்படைக்கணும். கொடுக்கலைன்னா டன்னுக்கு 100 யூரோ அபராதம். முதல் வருஷம் 85 சதவீதச் சீட்டு இலவசம், அதனால பணச்சுமை பெரிசில்லை. பத்தவச்சது வேற. கணக்கு பயணத்தோட முழு தூரத்துக்கும்.

அமெரிக்க விமானக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. அவங்க வச்ச உதாரணம் அருமையானது. சான் ஃப்ரான்சிஸ்கோ - லண்டன் பயணத்துல புகையில 29 சதவீதம் அமெரிக்க வானத்துல, 37 சதவீதம் கனடா வானத்துல, 25 சதவீதம் திறந்த கடல் மேல. ஐரோப்பிய வானத்துல வெறும் 9. மிச்சம் 91க்கு நீ யாருய்யா கேட்க? 2011 டிசம்பர் 21ல ஐரோப்பிய நீதிமன்றம் சட்டம் செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. எங்க மண்ணுல இறங்க வர்றவங்க எங்க விதிக்கு உட்படணும்ங்கிறது சாராம்சம்.

இங்கேதான் நம்ம நாடு வருது. 2011 செப்டம்பர் கடைசியில டெல்லியில 26 நாடுகள் கூடி எதிர்ப்பு அறிக்கை விட்டாங்க. 2012 பிப்ரவரியில சீனா, அரசு அனுமதி இல்லாம தன் கம்பெனிகள் இதுல சேரக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. அதே மாசம் மாஸ்கோவுல இன்னொரு கூட்டம். ஏர்பஸ்ஸுக்குப் போகவேண்டிய சீன ஆர்டர்கள் நிக்குதுன்னு ஏர்பஸ் தரப்பே சொன்னாங்க. மார்ச்ல நம்ம விமானத்துறை அமைச்சர் அஜித் சிங், இந்தியக் கம்பெனி எதுவும் புகை விவரம் கொடுக்கப்போறதில்லைன்னு நாடாளுமன்றத்துல சொன்னார். 2012 நவம்பர் 12ல ஐரோப்பா "கடிகாரத்தை நிறுத்தறோம்"னு பின்வாங்கிச்சு. ஐரோப்பாவுக்குள்ளேயே பறக்கிற பயணங்களுக்கு மட்டும் சட்டம். ரெண்டு வாரம் கழிச்சு, நவம்பர் 27ல, அமெரிக்கக் கம்பெனிகள் இதுல சேர்றதைத் தடுக்க அதிகாரம் கொடுக்கிற சட்டத்துல ஒபாமாவும் கையெழுத்துப் போட்டுட்டார். 2013 மே மாசம் விவரம் கொடுக்காதவங்கன்னு ஐரோப்பிய ஆணையம் சொன்ன பட்டியல்ல எட்டு சீனக் கம்பெனிகள், ரெண்டு இந்தியக் கம்பெனிகள்.

இதைப் படிச்சப்போ எனக்கு ரெண்டு மனசு. இந்தியா சொன்னதுல நியாயம் இருக்கு. நூறு வருஷமா நிலக்கரி எரிச்சு வளர்ந்தவன், இப்பதான் முதல் தடவையா விமானம் ஏறுற குடும்பங்கள் இருக்கிற நாட்டுக்கிட்ட வந்து, எங்க வானத்துக்கும் சேர்த்து பில் நீட்டறான். கியோட்டோவிலயும் பொறுப்பு வளர்ந்த நாடுகளோடதுன்னுதான் எழுதியிருக்கு. ஆனா பணம் கட்ட மாட்டேன்னு சொல்றது வேற, மீட்டரைப் பார்க்கவே விட மாட்டேன்னு சொல்றது வேற. யார் அதிகமா எரிக்கிறாங்கன்னு காட்டுற கணக்குதானே நம்ம வாதத்துக்கே ஆதாரம்? அதையே கொடுக்காம விட்டதுல எனக்கு உடன்பாடில்லை. உங்களுக்கு வேற மாதிரி தோணலாம், சொல்லுங்க.

ஒரு நல்லது நடந்துச்சு. அந்த மிரட்டல் ஐகாவோவை எழுப்பிச்சு. 2013ல உலகத் திட்டம் ஒண்ணு தயாரிக்கிறோம்னு தீர்மானம். 2016 அக்டோபர் 6ல கோர்சியாங்கிற திட்டம். 2018ல விதிமுறைகள். 2019 ஜனவரி 1லேர்ந்து, வெளிநாட்டுப் பயணங்கள்ல வருஷத்துக்கு 10,000 டன்னுக்கு மேல புகை விடற எல்லாக் கம்பெனியும், இந்தியா, சீனா உட்பட, எண்ணியே ஆகணும்.

எண்ணுற விதம் நமக்குப் பழகினதுதான். முதல்ல எப்படி அளப்பேன்னு ஒரு திட்டம் எழுதி அரசுகிட்ட ஒப்புதல் வாங்கணும் (நம்ம ஊர்ல டிஜிசிஏ). எரிபொருளை அளக்க அஞ்சு முறைகள். சுலபமானது, விமானம் கேட்லேர்ந்து நகரும்போது டேங்கில இருந்ததையும் சேர்ந்து நிக்கும்போது இருந்ததையும் கழிக்கிறது. வருஷக் கடைசியில வெளி ஆடிட்டர் சரிபார்க்கணும். அப்புறம் அரசு பார்த்து ஐகாவோவுக்கு அனுப்பும். புகை எந்த நாட்டுப் பேர்ல? விமானக் கம்பெனியோட நாட்டுப் பேர்ல. 1996ல வச்ச எட்டுல ஒண்ணு! 23 வருஷம் சுத்தி அங்கேயே வந்து நின்னாங்க.

அப்புறம் கொரோனா. 2019, 2020 ரெண்டோட சராசரிதான் எல்லைக்கோடு, அதுக்கு மேல வளர்ற புகைக்கு கம்பெனிகள் ஈடு கட்டணும்னு திட்டம். 2020ல வானமே காலி. சராசரி எடுத்தா கோடு பாதாளத்துக்குப் போயிடும். கம்பெனிகள் கத்த, 2020 ஜூன்ல ஐகாவோ கவுன்சில் 2021-23க்கு 2019 மட்டும் போதும்னுச்சு. 2022ல, 2024லேர்ந்து 2019ல 85 சதவீதம்தான் கோடுன்னு மாத்தினாங்க. எண்ண ஆரம்பிச்ச முதல் வருஷத்தோட கணக்கு, 60 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல, மொத்தத் திட்டத்துக்கும் அளவுகோலாயிடுச்சு. ஒரு வருஷம் தள்ளி ஆரம்பிச்சிருந்தா அளவுகோலே இருந்திருக்காது. அந்த ஏழு வருஷத் தாமதம் இன்னும் ஒண்ணு நீண்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, என் ஃப்ராங்க்ஃபர்ட் டிக்கெட்டுக்கு வருவோம். அந்த விமானத்தோட புகை கோர்சியாவுல எண்ணப்படுது. ஆனா ரெண்டு முனை நாடும் சேர்ந்திருந்தாதான் ஈடு கட்டணும். ஜெர்மனி 2021லேயே சேர்ந்தாச்சு, இந்தியா 2027லேர்ந்து. ஐரோப்பியச் சட்டமும் 2026 முடியற வரைக்கும் ஐரோப்பாவுக்கு வெளியே போற பயணத்தைத் தொடறதில்லை. இந்தியாவோட மொத்தத்துலயும் அது இல்லை, ஜெர்மனியோட மொத்தத்துலயும் இல்லை. ரெண்டு பேர் அறிக்கையிலயும் தனிக் குறிப்பாதான் வரும். அதுலயும் இது வெறும் கரியமில வாயு. விமானம் பின்னாடி விடற வெள்ளைக் கோட்டு மேகம் மாதிரி மத்த விளைவுகள் வெப்பத்துல மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் இருக்கலாம்னு 2020ல வந்த ஆய்வு சொல்லுது. அதை எண்ண ஐரோப்பா 2025லதான் ஆரம்பிச்சிருக்கு. அடுத்த சண்டை அங்கேயா இருக்கும்.

டிக்கெட்டை நானும் புக் பண்ணிட்டேன். யோக்கியன் மாதிரி பேச வரல. ஆனா விலைக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன நம்பரை இனிமே சாதாரணமா கடந்து போக முடியாது. பொது மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. மீட்டர் மாட்டியாச்சு. பில்லை யார் வீட்டுக் கதவுல ஒட்டறதுன்னு மட்டும் இன்னும் முழுசா முடிவாகல.

கொசுறு: அந்த கிம்லி விமானத்தை ரிப்பேர் பண்ணி திரும்பவும் ஓட்டினாங்க. 2008 ஜனவரி வரைக்கும் ஏர் கனடாவுல ஓடிட்டு, ஓய்வுபெற்று கலிஃபோர்னியாவோட மொஹாவி பாலைவனத்துக்குப் போச்சு. அதே 2008லதான் ஐரோப்பா விமானப் புகையை எண்ணச் சட்டம் போட்டுச்சு!